வளையத்தை அழுத்தினால் உடம்பு தேறுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 41, எடை 84 கிலோ, நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடி. ஜிம்முக்குப் பணம் கட்டி இரண்டு தடவை பாதியில் விட்டாயிற்று. இப்போது நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் பெட்டியும், வளையத்தைப் பிடித்து உடம்பை அசைத்து ஆடும் ரிங் ஃபிட் அட்வென்ச்சர் ஆட்டமும் வாங்கலாமா, நண்பர் சும்மா தருகிற, அதே நிறுவனத்தின் பழைய வீ பெட்டியும் ஏறி நின்று ஆடும் பேலன்ஸ் போர்டுமே போதுமா, உடம்பசைவைப் பார்க்கும் எக்ஸ்பாக்ஸ் கேமராவான கினெக்ட் மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, படி இறங்கும்போது இடது முட்டி வலிக்கிறது. சர்க்கரை உள்ள 67 வயது அம்மாவும் சேர்ந்து ஆடலாமா என்று ஒரு வரி. பார்த்தால் எந்தப் பெட்டி நல்லது என்று கேட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் வரவேற்பறையில் ஆடுகிற ஆட்டம் உடற்பயிற்சிக் கணக்கில் சேருமா, இதையாவது பாதியில் விடாமல் இருப்பேனா என்ற இரண்டும்தான் உங்களை உறுத்துகிறது என்று படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். முட்டி, தோள், இடுப்பு வலி என்று வருகிறவர்களைத்தான் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீ வந்த காலத்திலிருந்தே இந்த ஆட்டங்களைச் சிகிச்சையில் பயன்படுத்தியிருக்கிறேன். இதை ஆடித் தேறியவர்களும் உண்டு, இதை ஆடியே வலியோடு வந்தவர்களும் உண்டு.

சந்தேகமில்லாத பகுதியை முதலில் முடித்துவிடலாம். மூச்சும் நாடியும் ஏறினால் அது உடற்பயிற்சிதான். முன்னால் திரை இருந்தாலும் சரி, பூங்கா இருந்தாலும் சரி. எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் வித்தியாசம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 மெட் என்று வைத்துக்கொண்டால், 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு, அதற்கு மேல் கடுமையான உழைப்பு. வீ ஸ்போர்ட்ஸ், வீ ஃபிட் இரண்டிலும் இருந்த 68 ஆட்டங்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் பெரியவர்களை ஆடவிட்டு அளந்து 2010ல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்கள் 3ஐக்கூடத் தொடவில்லை. மீதி ஒரு பங்கு மிதமான வகை. 6ஐத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. கோல்ஃப் 2, குத்துச்சண்டை 4.2. அதற்கு முன்பே 2007ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதின்வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வும் இதே திசையில்தான் முடிந்தது: உட்கார்ந்து ஆடும் வீடியோ கேமைவிட வீயில் அதிகம் செலவாகிறது, நிஜ டென்னிஸ் அளவுக்கு ஆவதில்லை.

உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கணக்குப் போடுவோம். 84 கிலோ, 4 மெட், அரை மணி நேரம் என்றால் சுமார் 168 கலோரி. அதில் 42 கலோரி அந்த அரை மணி நேரம் சோபாவில் சாய்ந்திருந்தாலும் போயிருக்கும். ஆக, ஆட்டத்தால் கூடுதலாகப் போனது 126. இரண்டாவது தோசையில் அது திரும்பி வந்துவிடும். எடையைக் குறைக்க இது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடை பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில்தான் தீர்மானமாகிறது. மூச்சு, தொடை வலு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் இவற்றில் வரும் பலன் வேறு கணக்கு. அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. ஆட்டத்தை ஒழுங்காக ஆடினால் இந்த அளவை வீட்டுக்குள்ளேயே எட்ட முடியும். தராசைவிட அளவு நாடா உங்களுக்கு நல்ல துணை. நம் ஊர்க்காரர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

"ஒழுங்காக ஆடினால்" என்றேன். மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கருவிகள் உங்களை முழுதாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் உங்கள் உடம்பில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, மீதியை நீங்கள் செய்திருப்பீர்கள் என்று நம்பிக்கொள்கிறது. வீயின் ரிமோட் கையிலிருக்கும் அசைவை மட்டும் அறியும். மணிக்கட்டைச் சுண்டினாலே பந்து பறக்கும். ஒரு வாரத்தில் எல்லோரும் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், குழந்தைகள் முதல் நாளே. ஜஸ்ட் டான்ஸ் என்ற நடன ஆட்டத்தை ஸ்விட்சில் ஆடும்போது வலது கையில் ஒரு ஜாய்கான், அதாவது ஸ்விட்சிலிருந்து கழற்றுகிற சின்னக் கைப்பிடி, பிடித்திருப்பீர்கள். கால் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. சோபாவில் உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டி நல்ல மதிப்பெண் வாங்கலாம். பேலன்ஸ் போர்டு நான்கு மூலையிலும் இருக்கும் எடை உணரிகளை வைத்து, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லும். 2010ல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் அதை ஆய்வகத்தில் பாரத்தை அளக்கும் தளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிற்கும் சமநிலையை அளக்கத் தகுதியானது என்றார்கள். ஆனால் கைகள் என்ன செய்கின்றன என்று அதற்குத் தெரியாது. கினெக்ட் ஒன்றுதான் அகச்சிவப்புக் கதிரால் ஆழத்தை அளந்து முழு உருவத்தையும் பார்த்தது. முதல் கினெக்ட் 20 மூட்டுகளைப் பின்தொடர்ந்தது. அதுவும் நிற்கும் வரைதான். பாயில் படுத்துவிட்டால் காலையும் தரையையும் பிரித்தறியத் தடுமாறும்.

ரிங் ஃபிட் 2019 அக்டோபரில் வந்தது; பயிற்சி செய்து எதிரிகளை அடித்தபடி ஒரு கதையில் முன்னேறுகிற ஆட்டம். வளையத்துக்குள் அழுத்தத்தை உணரும் பகுதி இருக்கிறது; அதன் மேல் வலது ஜாய்கானைச் செருகுகிறீர்கள். இடது ஜாய்கான் ஒரு பட்டைக்குள் போய் இடது தொடையில் கட்டப்படுகிறது. உங்கள் அசைவில் அவ்வளவுதான் அதற்குத் தெரிவது: வளையத்தை எவ்வளவு அழுத்துகிறீர்கள், இழுக்கிறீர்கள், அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இடது தொடை எந்தக் கோணத்தில் இருக்கிறது. வலது காலை அது பார்ப்பதே இல்லை. இப்போது ஒரு ஸ்குவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நம் தோப்புக்கரணத்தின் பாதி. தொடை தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக வந்ததும் ஆட்டம் சரி என்று ஒலி எழுப்பிவிடும். அந்த நேரத்தில் உங்கள் குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கலாம். முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று நோக்கிப் போயிருக்கலாம். முதுகு வளைந்து மார்பு தொடைமேல் கவிழ்ந்திருக்கலாம். மூன்றும் தப்பு, மூன்றுக்கும் அது மதிப்பெண் தரும். எதிரியை அடிக்கிற அவசரத்தில் பத்தாவது தடவைக்குமேல் எல்லோருக்கும் இது நடக்கிறது.

அதனால் முதல் இரண்டு வாரம் கதையில் முன்னேறுவதை விட்டுவிடுங்கள். வீட்டில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து ஒருமுறையும் நேராக ஒருமுறையும் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படத்தில் குதிகாலையும் முதுகையும் பாருங்கள். நேர்ப் படத்தில் முட்டி கால் விரல்களின் திசையிலேயே மடங்குகிறதா என்று பாருங்கள். வளையத்தை அழுத்தும்போது தோள் காதுப் பக்கம் ஏறினால் கழுத்துதான் வேலை செய்கிறது, மார்பு இல்லை. தொடைப் பட்டை வியர்வையில் நழுவும். அரைக்கால் சட்டைக்கு மேல் கட்டினால் இன்னும் நழுவும். நழுவிவிட்டால் நீங்கள் ஓடுவதே அதற்குத் தெரியாது. உடனே இன்னும் உயரமாக முட்டியைத் தூக்க ஆரம்பிப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள், நிறுத்திவிட்டுப் பட்டையை இறுக்குங்கள்.

உங்கள் இடது முட்டியைத் தொட்டுப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்திருக்கும்போதும் முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் முட்டிச்சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே விழும் பாரத்தால் வருவது. வீக்கம், முட்டி திடீரென்று பூட்டிக்கொள்வது, காலை வாரிவிடுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் ஆடலாம், தொடையும் இடுப்புப் பக்கத் தசையும் வலுவானால் இந்த வலி குறைகிற வகைதான். ஸ்குவாட்டை ஒரு நாற்காலி வரை மட்டும் போய் எழுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்திலேயே முட்டிக்கு உதவி செய்யும் அமைப்பு இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆடும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை முட்டி முந்தின நாளைவிட மோசமாக இருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே உங்கள் மாடி வீட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஓடுகிற இடத்தில் தொம் தொம் என்று சத்தம் வரும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதற்காக ரிங் ஃபிட்டில் சத்தமில்லாத முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் ஓடுவதற்குப் பதிலாக லேசாகக் குந்திக் குந்தி எழ வேண்டும். கீழ்வீட்டுக்கு நல்லது, உங்கள் முட்டிக்கு ஆகாது; நூற்றுக்கணக்கான அரைக் குந்தல்கள் முன்முட்டி வலிக்காரருக்கு ஏற்றதில்லை. ஓட்ட முறையிலேயே இருந்துகொண்டு, குதிக்காமல், தடித்த பாயின் மேல் ராணுவ நடைபோல முட்டியைத் தூக்கித் தூக்கி மெதுவாகப் பாதத்தை வையுங்கள். தொடை ஏறி இறங்குவதைத்தான் அது எண்ணுகிறது, பாதம் தரையில் மோதுவதை இல்லை. சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸ் தரையில் ஆடவே ஆடாதீர்கள். அப்புறம் தலைக்கு மேலே மின்விசிறி. வளையத்தைப் பிடித்துக் கையை நீட்டினால் எட்டுகிறதா என்று ஆட ஆரம்பிக்கும் முன்பே, விசிறியை நிறுத்திவிட்டு, பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு வேகமாக ஆட வேண்டும் என்பதற்குத் திரையில் வரும் கலோரியை நம்ப வேண்டாம். அது உங்கள் எடையையும் அசைவையும் வைத்துப் போடும் மதிப்பீடு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் கடுமையானது. திரையில் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு, பயிற்சி நேரம். கதை, கடை, மெனு எல்லாம் கழித்து நிஜமாக அசைந்த நேரத்தை மட்டும் அது காட்டும். முக்கால் மணி நேரம் டிவி முன்னால் நின்றுவிட்டு அந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பதை அந்த எண்ணைக் கூட்டித்தான் கணக்கிட வேண்டும்.

போதாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒன்றிரண்டு மாதம் வலு வேகமாகக் கூடும். தசை பெருத்ததைவிட, நரம்பு அந்தத் தசையைக் கூப்பிடக் கற்றுக்கொண்டதுதான் அதில் பெரும்பங்கு. அதற்கப்புறம் வலு கூட வேண்டுமென்றால் பாரம் கூட வேண்டும். வளையத்தின் எதிர்ப்பு எப்போதும் அதேதான். கடின அளவை 30 வரை ஏற்றலாம், ஆனால் அது பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறது. இன்னொரு குறை முதுகு. தள்ளுகிற, அழுத்துகிற வேலை நிறைய; பாரத்தை உடம்புப் பக்கம் இழுக்கிற வேலை மிகக் குறைவு. நாள் முழுக்கக் கணினி முன்னால் கூன்போட்டு உட்காருகிறவருக்கு வேண்டியதே அந்த இழுப்புதான். கதவில் மாட்டுகிற ரப்பர் பட்டை ஒன்று வாங்குங்கள், அல்லது ஐந்து கிலோ அரிசிப் பையைத் துணிப்பையில் போட்டு, ஒரு கையை மேசையில் ஊன்றி, இன்னொரு கையால் இடுப்பு வரை இழுங்கள். ஆட்டம் முடிந்ததும் கைக்குப் பன்னிரண்டு வீதம் இரண்டு சுற்று போதும்.

அதிகமாக ஆடிக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. 2007ல் ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு இளம் மருத்துவர் வீ டென்னிஸை மணிக்கணக்கில் ஆடிவிட்டுத் தோள் வலியோடு எழுந்து, அதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கே கடிதமாக எழுதினார். தோளின் பின்பக்கத் தசைநாண் அழற்சி. நிஜ மட்டையாக இருந்தால் அதன் எடையே அரை மணி நேரத்தில் கையை ஓயவைத்திருக்கும். கையில் பாரமில்லாததால் ஓய்வெடுக்கவே தோன்றாது. அதனால் ஒரே ஆட்டத்தை, ஒரே கையால், நெடுநேரம் ஆடாதீர்கள்.

இனி சந்தேகமான பகுதி: விடாமல் செய்வீர்களா? இதில் என்னால் உறுதி தர முடியாது. ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரங்களோடு முடிந்துவிடுகின்றன, ஆர்வம் குறைய ஆரம்பிப்பதோ அதற்கப்புறம்தான். 2012ல் அமெரிக்காவில் குழந்தைகளில் ஒரு பாதிப் பேருக்கு அசைந்து ஆடும் வீ ஆட்டங்களையும், மறுபாதிக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களையும் கொடுத்து, இடுப்பில் அசைவுமானி கட்டிப் பார்த்தார்கள். மூன்று மாத அளவில் இரு குழுவின் மொத்த அசைவிலும் வித்தியாசமில்லை. கருவி வீட்டில் இருப்பது மட்டும் போதவில்லை. என் அனுபவத்தில், கதை இருக்கும் ஆட்டம் கதை இல்லாததைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் இழுத்துப் பிடிக்கிறது; அடுத்த கட்டத்தில் என்ன வரும் என்ற ஆசைதான். குளிக்கும் முன் இருபது நிமிடம் என்று குளியலோடு முடிச்சுப்போட்டவர்கள் நீடிக்கிறார்கள். "நேரம் கிடைக்கும்போது" என்றவர்கள் நீடிப்பதில்லை. வளையத்தை அலமாரிக்குள் வைக்காமல் டிவி பக்கத்திலேயே வைப்பதுகூட உதவுகிறது. ஜிம்மை நீங்கள் விட்டதற்குப் போய்வரும் நேரம் காரணமா, நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமா? இரண்டில் ஒன்று என்றால் இது உங்களுக்கு ஒத்துவரும். சலிப்புதான் காரணம் என்றால் இதுவும் சலிக்கலாம். சலித்தால் பூங்காப் பாதையில் வேகநடைக்கு மாறிக்கொள்ளுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பேலன்ஸ் போர்டில் அவரைத் தனியாக ஏற்றாதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் கால் வைத்துத் தடுமாறுவது எளிது. 2010ல் அதே நியூ இங்கிலாந்து ஜர்னலில், போர்டிலிருந்து விழுந்து பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பை முறித்துக்கொண்ட பதினான்கு வயதுப் பெண்ணின் எக்ஸ்ரே வந்தது. அந்த வயதிலேயே அப்படி என்றால் 67ல் யோசித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு கையைத் தேற்ற வீயைப் பயன்படுத்தி 141 பேரிடம் நடத்திய கனடா நாட்டவர் தலைமையிலான ஆய்வு 2016ல் வந்தது. சீட்டு, பிங்கோ மாதிரி விளையாட்டுகளை அதே அளவு நேரம் ஆடியவர்களும் அதே அளவுதான் தேறினார்கள். கருவியைவிட, எத்தனை தடவை திரும்பத் திரும்பச் செய்தார்கள் என்பதே வேலை செய்கிறது. அம்மாவுக்கு வீ பௌலிங் தாராளமாக வையுங்கள், பக்கத்தில் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டு. பேரப்பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு ஆட அது நல்ல ஆட்டம். அதோடு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஒரு வேளைக்குப் பத்துத் தடவை செய்யச் சொல்லுங்கள். விழாமல் இருப்பதற்கு அதுதான் உதவும். இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம்; வெறும் வயிற்றில் ஆட வேண்டாம், கையெட்டும் தூரத்தில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். பாதத்தில் மதமதப்பு இருந்தால் வீட்டுக்குள்ளேயும் காலணி போட்டுத்தான் ஆட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது உங்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக வாங்குவது. கினெக்ட் வேண்டாம். 2017லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இப்போதைய எக்ஸ்பாக்ஸ்களில் அது வேலை செய்யாது, ஒருவர் ஆடவே கருவியிலிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டும். உங்கள் வரவேற்பறையில் சோபாவை எங்கே தள்ளுவீர்கள்? நண்பர் தருகிற வீயை வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் குடும்பத்துக்கும் ஆகும்; உங்களுக்குக் குத்துச்சண்டை மாதிரி சில ஆட்டங்களைத் தவிர அதில் மூச்சு வாங்காது. உங்களுக்கென்று செலவழிப்பதென்றால் ரிங் ஃபிட்தான் என் தேர்வு. ஸ்விட்ச் லைட் வாங்கினால் ஜாய்கான் தனியாக வாங்க வேண்டியிருக்கும், அதன் கைப்பிடிகள் கழலாது. புது ஸ்விட்ச் 2ல் ஆட்டம் ஓடும், ஆனால் அதோடு வரும் ஜாய்கான் வளையத்தில் பொருந்தாது, பழைய ஜாய்கான் ஜோடி வேண்டும். பழைய ரிங் ஃபிட் வாங்குவதாக இருந்தால் தொடைப் பட்டையின் ஒட்டுப்பட்டை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே கட்டி, முட்டியை நாலு தடவை தூக்கிப் பாருங்கள்.